சீனச்சட்டி



எங்கள் வீடுகளில் மீன் பொரிப்பதற்கும் கறி தாளிப்பதற்கும் பயன்படுகின்ற குழிந்த பாத்திரத்தை நாம் தாச்சி என்கின்றோம். மலையாளத்தார் அதே வடிவான இரும்புப் பாத்திரத்தைச் சீனச்சட்டி என்பர். தென்பாண்டி நாட்டின் சில பகுதிகளிலும் இப்பெயர் வழங்குகின்றது. இரண்டு பெயர்களிலும் கடலின் வாடை வீசுகின்றது. தாச்சி என்பது 'தாச்சோ' என்னும் போர்த்துக்கேயச் சொல்லின் வழிவந்தது என்பது சொல்லாராய்ச்சியாளர் கருத்து. சிங்களவர் அதனைத் 'தாச்சிய' என்றும், மலாய் மக்கள் 'தாச்சு' என்றும் வழங்குவர். தாச்சி இருக்கின்ற குசினியும் அவர்கள் விட்டுச்சென்ற சொல்லே. 1619 ஆம் ஆண்டிலே யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர், 1658 இல் அதனை ஒல்லாந்தரிடம் இழந்தனர். ஆட்சி நாற்பது ஆண்டுகூட நீடிக்கவில்லை. அடுக்களைச் சொற்களோ நானூறு ஆண்டுகளாக நிலைத்திருக்கின்றன.

இனி, சீனச்சட்டி என்னும் மற்றப் பெயருக்கு வருவோம். குழிந்த சட்டி என்ற வடிவத்தையே சீனரிடமிருந்துதான் நாம் பெற்றோம் என்று கூறிவிடல் பொருந்தாது. வடமொழியிலே கடாகம் என்றும், பேச்சு வழக்கிலே கடாய் என்றும் கூறப்படும் பாத்திரம் இந்தியாவிலும் மிகப் பழையது. ஆனால், உருக்கிய இரும்பை அச்சில் வார்த்து, மெல்லியதாகவும் மலிவாகவும் ஆயிரக்கணக்கிற் சட்டி செய்து, அதனைக் கப்பலேற்றிப் பிறநாடுகளுக்கு அனுப்பியவர்கள் சீனரே. மலையாளக் கரையில் சீனவலை, சீனபரணி, சீனச்சட்டி என்று பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்பது அவ்வணிகத்தின் அடையாளம்.

எமது நாட்டிலும் சீனத் தொடர்புக்குக் கல்லிலே சான்று உண்டு. சீனக் கடற்படைத் தலைவன் ஷெங் ஹே 1409 ஆம் ஆண்டுத் திகதியிட்டுப் பொறிப்பித்த மும்மொழிக் கல்வெட்டு, 1911 இல் காலி நகரிற் கண்டெடுக்கப்பட்டுக் கொழும்பு அரும்பொருளகத்திலே வைக்கப்பட்டது. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் அமைந்த அக்கல்வெட்டிலே பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் முதலான காணிக்கைகள் கணக்கிட்டுக் கூறப்படுகின்றன. மன்னர்கள் கல்லிலே எழுதுவிப்பது காணிக்கையைத்தான். அடுக்களைச் சட்டியைப் பற்றி எவரும் கல்லெழுத்து வைப்பதில்லை. ஆதலின் சட்டியின் வரலாற்றை வேறு இடங்களிலே தேடவேண்டியிருக்கின்றது.

இரும்பை நீர்போல உருக்கி வார்க்கும் வித்தை சீனருக்குக் கிறித்துவுக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே கைவந்துவிட்டது. ஐரோப்பாவிலோ பதினான்காம், பதினைந்தாம் நூற்றாண்டுகளிலேதான் அது பரவலாயிற்று. கி.மு. 117 அளவில் ஹான் வமிசத்துப் பேரரசு இரும்புத் தொழிலைத் தன் தனியுரிமையாக்கியது. அதனால் விளைந்த குறைகளைப் பற்றிக் கி.மு. 81 இலே அரசவையில் நடந்த விவாதம் இன்றும் நூல் வடிவில் இருக்கின்றது. அரசாங்கத்தார் செய்யும் இரும்புக் கருவிகள் குடியானவனின் கைக்கு ஏற்றவையல்ல, நல்லதைத் தெரிந்து வாங்கவும் வழியில்லை என்று கற்றோர் அங்கே முறையிட்டனர். இரும்பை அரசு ஒரு விதமாகவும் குடும்பம் வேறு விதமாகவும் பார்த்தன என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். பின்னரும் இது நிகழும்.

ஹான் காலத்துக் கல்லறைகளிலே இறந்தவருக்குத் துணையாக மண்ணினாற் செய்த சிறு அடுப்புகளை வைத்தனர். மூடிய பெட்டி போன்ற அடுப்பு. மேலே வட்டத் துளை. துளைக்குள்ளே பாத்திரம் இறங்கி அமர்ந்திருக்கும். சட்டியின் வடிவத்துக்குக் காரணம் இவ்வடுப்பே என்பது என் துணிபு. அடி உருண்டையாயிருந்தால் துளை எந்த அளவினதாயினும் சட்டி அதிற் பொருந்திவிடும். சுவாலை பக்கங்களில் வீணாய்ப் போகாமல் அடியை முழுதும் தழுவும். காடு அழிந்து விறகு அரிதான நாட்டிலே, ஏழைக் குடியானவன் எரித்தவை வைக்கோலும் தாளும் சருகும். அவை சடுதியிற் பற்றிக் கடும் சுவாலை விட்டுச் சடுதியிலே அவிந்துவிடும். அந்தச் சில நிமிடங்களுக்குள் உணவு வெந்தாகவேண்டும். ஆகவே காயையும் இறைச்சியையும் சிறிதாக அரிந்து, மெல்லிய இரும்பிலே விரைவாகக் கிளறி எடுக்கும் சமையல் அந்நாட்டாருக்கு நன்கு பொருந்திற்று. அடுப்பில் இறங்கிய சட்டியை அசைப்பதில்லை, அகப்பைதான் அசையும். இந்நாளிலே தொலைக்காட்சியில் சமையற்காரர்கள் சட்டியைத் தூக்கி உலுக்கி உணவை வானத்தில் எறிந்து பிடிக்கின்றார்களே, அஃது உணவுச்சாலை வித்தை. கிராமத்து வீட்டு வழக்கம் அன்று.

ஆறாம் நூற்றாண்டிலே ஜியா சிஷியே என்பார் எழுதிய வேளாண்மை நூலிலே முட்டையைக் கிளறி வறுக்கும் முறை கூறப்பட்டிருக்கின்றது. மஞ்சட் கருவும் வெண்கருவும் ஒன்றாகக் கலக்கும்படி கிளறவேண்டும் என்கின்றார். அதற்கு அவர் சொல்லும் பாத்திரம் செப்புச் சட்டி. வறுத்துக் கிளறும் சமையல் சீனத்திலே தொன்றுதொட்டு எல்லா வீடுகளிலும் இருந்தது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில், சோங் வமிசக் காலந்தொட்டு மிங் காலம் வரையான சில நூற்றாண்டுகளிலேதான் அது படிப்படியாக எங்கும் பரவிற்று. அதற்கு முன்னர் அவித்தலும் ஆவியில் வேகவைத்தலுமே பெருவழக்கு. பெயர்களும் இதற்குச் சான்று பகர்கின்றன. கன்டன் மக்கள் சொல்லும் 'வொக்' என்பது முற்காலத்திலே இறைச்சி அவிக்கும் பெரிய அண்டாவின் பெயர். ஃபூஜியன் மாகாணத்தாரோ, பழைய வேள்விகளில் வைத்த முக்காலிக் கொப்பரையின் பெயரையே தம் வாணலிக்கு இட்டு வழங்குகின்றனர்.

சட்டி கப்பலேறியது எப்போது? 1225 இலே ஜாவோ ருகுவா என்னும் துறைமுக அதிகாரி எழுதிய நூல், பிலிப்பைன் தீவுகளுக்குச் சீன வணிகர் கொண்டுசென்ற பண்டங்களிலே பீங்கான், மணி, ஊசி ஆகியவற்றோடு இரும்புச் சட்டியையும் குறிக்கின்றது. எழுத்திலே கண்டதைக் கடலும் பின்னர் உறுதிப்படுத்தியது. குவாங்டொங் கரையோரத்தில் 1987 இற் கண்டறியப்பட்டு 2007 இல் முழுதாக மேலே தூக்கப்பட்ட, 'நன்ஹாய் ஒன்று' எனப்படும் தென்சோங் காலத்துக் கப்பலிலே, பீங்கான் குவியல்களோடு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இரும்புச் சட்டிகளும் இருந்தன. எண்ணூறு ஆண்டு உப்பு நீரிலே கிடந்து அவை ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன.

மிங், சிங் காலங்களிலே சட்டிக்குப் பெயர் பெற்ற ஊர் குவாங்டொங் மாகாணத்துப் போஷான். அங்கே வார்த்த சட்டிகள் மெல்லியவை, வழுவழுப்பானவை என்று புகழப்பட்டன. வார்ப்பிரும்பிலே காபன் நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு இருக்கும். அதனால் அஃது எளிதில் உருகும், நன்கு வார்படும். ஆனால் சம்மட்டி அடியைத் தாங்காது, கீழே விழுந்தால் வெடிக்கும். வெடித்த சட்டியை ஏழைகள் எறிந்துவிடுவதில்லை. ஊர் ஊராகத் திரியும் சட்டி ஒட்டுநர் வருவார். 1920களிலே சீனத்தில் வாழ்ந்து அந்நாட்டுக் கைத்தொழில்களை ஆராய்ந்த ருடோல்ஃப் ஹொம்மல் என்னும் அமெரிக்கர், 1937 இல் வெளியிட்ட நூலிலே இவர்களைப் பற்றி எழுதியிருக்கின்றார். சிறு உலையும் துருத்தியும் கொண்டுவந்து, வீட்டு வாசலிலேயே இரும்பை உருக்கி, சாம்பல் தூவிய துணித்திண்டின் மேல் ஒரு துளியை எடுத்து, வெடிப்பின் அடிப்பக்கத்திலே வைத்து அழுத்துவார்கள். மேலே வந்த துளியை வேறொரு திண்டினால் அமுக்குவார்கள். துளி துளியாக வெடிப்பு மூடும். ஒட்டுப்போட்ட சட்டி மறுபடியும் அடுப்பேறும்.

இத்தகைய பாத்திரம் அரசியலிலும் இடம்பெற்றது. மிங் அரசு, வடவெல்லைக்கு அப்பாலிருந்த மங்கோலியருக்கு இரும்பு விற்பதைத் தடைசெய்திருந்தது. இரும்புச் சட்டியும் அத்தடையுள் அடங்கும். உருக்கினால் வாளும் அம்பும் ஆகுமே என்பது அச்சம். 1571 இலே அல்தான் கானோடு சமாதானம் ஏற்பட்டுச் சந்தைகள் திறக்கப்பட்டபோது, மங்கோலியர் வேண்டிக் கேட்டவற்றுள் முதன்மையான ஒன்று சமையற் சட்டி. எல்லைப்புறப் பெருந்தலைவர் வாங் சொங்கு அவர்களுக்காகப் பரிந்து பேசினார். அவர்கள் கோட்டையைப் பிடித்தால் முதலிலே சட்டியைத் தேடி எடுத்துச் செல்கின்றனர், சட்டி உடைந்தால் எவ்வளவோ முயன்று ஒட்டுகின்றனர், அதுவும் இல்லையெனில் தோற்பையிலே நீர் ஊற்றி இறைச்சியை அவிக்கின்றனர் என்று அவர் அரசருக்கு முறையிட்டார். உடைந்த பழஞ்சட்டியைக் கொடுத்துப் புதியதைப் பெறட்டும் என்பதும் அவர் சொன்ன வழி. அவையிலே பலர் அதனை எதிர்த்தனர். அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது சட்டியன்று, அதிலிருந்த இரும்பின் நிறை. இதே அச்சம் 1731 இலே தென்கரையிலும் தலைகாட்டிற்று. அயல்நாட்டுக் கப்பல் ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான கட்டுச் சட்டிகளை வாங்கிச் செல்கின்றது என்று குவாங்டொங் அதிகாரி ஒருவர் அறிவிக்க, ஏற்றுமதி தடுக்கப்பட்டது.

மேற்கூறியவை பிறர் கைக்குச் சட்டி போகாமல் தடுத்த கதைகள். தன் சொந்தக் குடிகளின் சட்டியையே அரசு எடுத்துக்கொண்ட கதை 1958 இல் நிகழ்ந்தது.

அவ்வாண்டு ஓகஸ்டு மாதம், பெய்தாஹே என்னும் கடற்கரை ஊரிலே கூடிய சீனக் கம்யூனிஸ்டுக் கட்சித் தலைவர்கள், 1957 இல் 53 இலட்சத்து 50 ஆயிரம் தொன்னாக இருந்த உருக்கு உற்பத்தியை ஒரே ஆண்டில் இருமடங்காக்கி 1 கோடி 7 இலட்சம் தொன் ஆக்குவது என முடிவு செய்தனர். ஊர்தோறும் மண்ணாலும் செங்கல்லாலும் சிறு உலைகள் எழுந்தன. தாதுப்பொருள் எல்லா ஊர்களிலும் கிடைக்குமா? கிடைக்காத இடங்களிலே கதவுக் கீல், கட்டிற் சட்டம், ஏர்க்கொழு, இறுதியிற் சமையற் சட்டி என்று வீட்டு இரும்பெல்லாம் உலைக்குள்ளே போயிற்று. உலைக்கு விறகாக மரங்களும் வெட்டப்பட்டன. சட்டி இனி எதற்கு என்று கேட்டனர். ஊருக்கு ஒரு பொதுச் சாப்பாட்டுக்கூடம் வந்துவிட்டது, எல்லாரும் அங்கே உண்ணலாம், வயிறார உண்ணலாம் என்றனர். தனி வீட்டிலே புகை எழுவது சில ஊர்களிற் குற்றமாகவே கருதப்பட்டது.

இதிலுள்ள மடமையை இரும்புத் தொழில் சிறிது அறிந்தவரும் உணரலாம். சட்டி ஏற்கெனவே நன்றாக வார்த்த இரும்பு. அதனை உருக்காக்க வேண்டுமானால் காபனைக் குறைக்கவேண்டும். அதற்கு அறிவும் தக்க உலையும் வேண்டும். ஊர் உலைகளில் அவை இல்லை. நல்ல சட்டி உள்ளே போய், கந்தகமும் கசடும் கலந்த கட்டியாக வெளியே வந்தது. ஆண்டு முடிவில் 1 கோடி 10 இலட்சம் தொன்னுக்கு மேல் செய்துவிட்டதாக அறிவித்தனர். அதிலே ஏறத்தாழ 30 இலட்சம் தொன் எதற்கும் உதவாதது என்பது பின்னர் ஒப்புக்கொள்ளப்பட்டது. அறுவடைக் காலத்தில் ஆட்கள் உலையருகே நின்றமையால் வயலிலே தானியம் வீணாயிற்று. அடுத்த ஆண்டு பொதுக்கூடங்களிற் கஞ்சி நீர்த்தது. 1959 முதல் 1961 வரை நிகழ்ந்த பஞ்சத்தில் மாண்டோர் தொகையை ஆராய்ச்சியாளர் ஒன்றரைக் கோடி முதல் நான்கரைக் கோடி வரை மதிப்பிடுகின்றனர்.

பஞ்சத்துக்குக் காரணங்கள் பல. சட்டி இழந்தது அவற்றுள் ஒன்று மட்டுமே. எனினும் அதனைச் சிறிய காரணமாக நான் எண்ணவில்லை. வீட்டிலே சட்டியும் அடுப்பும் உள்ளவன் ஒரு பிடி கீரையையாவது, ஒரு கிழங்கையாவது தேடிவந்து பிள்ளைக்கு அவித்துக் கொடுப்பான். சட்டியில்லாதவன், அகப்பை பிடித்திருப்பவன் முகத்தைத்தான் பார்க்கவேண்டும். அகப்பை யார் கையிலிருக்கின்றதோ அவனுக்கு வேண்டியவர்களுக்கே அடிக் கஞ்சி கிடைத்தது. 1961 இலே பொதுக்கூடத்தில் உண்பது கட்டாயமன்று எனக் கட்சி விதியைத் தளர்த்தியபோது, குடும்பங்கள் தத்தம் அடுப்புக்குத் திரும்பின. திரும்பியவர்களுக்கு முதலில் வேண்டியிருந்தது ஒரு சட்டி.

நாமும் இச்செய்திக்கு முற்றிலும் அயலார் அல்லர். 1952 டிசம்பரிலே இலங்கையும் சீனாவும் செய்துகொண்ட இறப்பர்–அரிசி ஒப்பந்தத்தின்படி, ஆண்டுக்கு 2,70,000 தொன் அரிசிக்கு 50,000 தொன் இறப்பர் எனப் பேசப்பட்டது. அது புதுப்பிக்கப்பட்டுப் பஞ்ச ஆண்டுகளிலும் நடைமுறையில் இருந்தது. கூப்பன் அரிசி வாங்க எங்கள் கடைவாசல்களில் வரிசையாக நின்றவர்கள், ஒப்பந்தத்தின் மறுமுனையிலே சட்டிகள் உருக்கப்பட்டதை அறிந்திருக்கமாட்டார்கள்.

இனி, இப்பாத்திரத்தை வாங்க விரும்புவோருக்குச் சில சொல்வேன். மேலே சொன்ன வரலாறே இங்கு வழிகாட்டுகின்றது. சட்டி அடுப்புக்காகப் பிறந்தது; ஆகையால் முதலில் உங்கள் அடுப்பைப் பாருங்கள், பின்னர் சட்டியைப் பாருங்கள். விறகடுப்பு உடையவர்களுக்கு உருண்டை அடிச் சட்டியைப் போல உத்தமமானது வேறில்லை. மூன்று கல்லில் அது தானாகவே அமர்ந்துகொள்ளும். எரிவாயு அடுப்பாயின், சட்டி ஆடாதிருக்க இரும்பு வளையம் ஒன்று வேண்டும். தட்டையான மின்னடுப்புக்கு உருண்டை அடி பயன்படாது. நடுவில் ஒரு புள்ளி மாத்திரம் சுடும். அவர்கள் அடி தட்டையாக்கப்பட்டதையே வாங்கவேண்டும். 2022 இலே எரிவாயு கிடைக்காமல் நாடு முழுவதும் தவித்தபோது, மாடி வீடுகளிலும் விறகடுப்பு எரிந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். தட்டை அடிச் சட்டி வைத்திருப்பவர்களும் பழைய தாச்சியை இரும்பு வியாபாரியிடம் கொடுத்துவிடாதிருப்பது நன்று.

வார்ப்பிரும்பா, தகட்டு உருக்கா என்பது அடுத்த கேள்வி. வார்ப்புச் சட்டி சூட்டை நெடுநேரம் பிடித்து வைத்திருக்கும். ஆனால் விழுந்தால் வெடிக்கும், ஒட்டுநரும் இன்று இல்லை. உருக்குச் சட்டி இலேசானது, சுவாலை கூடினால் கூடவும் குறைந்தால் குறையவும் செய்யும். வீட்டுக்கு ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீற்றர் தடிப்பும், 14 அங்குல வாயும் போதும். வாங்கும்போது உள்ளே விரலால் தடவிப் பாருங்கள், ஊசித்துளை இருத்தலாகாது. காது உறுதியாகத் தறையப்பட்டிருக்கவேண்டும். விலையுயர்ந்தது தேவையில்லை. 2018 இலே ஷாண்டொங் மாகாணத்து ஜாங்ச்சியு ஊரிற் கையால் அடித்துச் செய்யும் சட்டி ஒரு தொலைக்காட்சிப் படத்தில் வந்தவுடன், ஊரிலுள்ள கொல்லர் அனைவரும் இரவு பகலாக அடித்தாலும் நிறைவேற்ற முடியாத அளவுக்குக் கேள்வி குவிந்தது; அச்சட்டியின் பெயரில் போலிகளும் குவிந்தன. ஒட்டாத பூச்சுப் பூசிய சட்டியை இச்சமையலுக்கு நான் சொல்லமாட்டேன். 260 பாகை செல்சியசுக்கு மேலே அப்பூச்சு சிதையத் தொடங்கும்; இச்சட்டியின் வேலையோ வெறுஞ் சட்டியைக் கடுஞ்சூடாக்குவதிலே தொடங்குகின்றது.

புதுச் சட்டியைப் பழக்கவேண்டும் என்பது எங்கள் பெண்களுக்குச் சொல்லித் தரவேண்டிய செய்தியன்று. துருப்பிடியாமலிருக்கப் பூசிய எண்ணெய்ப் பூச்சைச் சவர்க்காரமிட்டுத் தேய்த்துக் கழுவி, அடுப்பிலே நிறம் மாறும்வரை காய்ச்சி, மிக மெல்லியதாக எண்ணெய் தடவிப் புகையவிடவேண்டும். இவ்வாறு மூன்று நான்கு முறை செய்தால் எண்ணெய் இரும்போடு இறுகிக் கறுத்த படலமாகும். கன்டன் மக்கள் இதனை ஒருவகை உள்ளித்தாளை வதக்கிச் செய்வர். தேங்காயெண்ணெய் இவ்வேலைக்கு அவ்வளவு உகந்ததன்று, அது நன்றாக இறுகுவதில்லை. நல்லெண்ணெய் அல்லது சோயா எண்ணெய் நன்று.

சமைக்கும்போது சட்டியை முதலில் காயவிடுங்கள். ஒரு துளி நீர் விழுந்தவுடன் உருண்டு ஓடவேண்டும். பிறகு எண்ணெய், பின்னர் உணவு. கழுவிய காயை ஈரம் போகத் துடைத்தே இடவேண்டும். உணவுச்சாலை அடுப்பின் வேகம் வீட்டு அடுப்புக்குக் கிடையாது. ஆகையால் ஐந்து பேருக்கான கறியை ஒரே முறையிற் கொட்டினால் சூடு இறங்கி, வறுவதற்குப் பதிலாகத் தன் நீரிலேயே அவிந்துவிடும். இரண்டு மூன்று முறையாக வறுத்தெடுத்துக் கடைசியில் ஒன்றாக்குங்கள். சோற்றை வறுப்பதானால் முதல்நாட் சோறே சிறந்தது.

வேலை முடிந்ததும் வெந்நீரும் பொச்சும் கொண்டு கழுவி, அடுப்பிலே வைத்து ஈரம் போக்கி, துணியால் சிறிது எண்ணெய் தடவி வையுங்கள். புளியும் தேசிக்காயும் தக்காளியும் அக்கறுப்புப் படலத்தைக் கரைத்துவிடும், கறியிலும் இரும்பு வாடை ஏறும். மீன்குழம்பை மண்சட்டியிலேயே வையுங்கள்.